பழைய ஜாகுவாரா, ரோவர் 75-ஆ? வாங்கும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கையில் 4,000 பவுண்டு இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மாதம் ஒரு சனி ஞாயிறு லண்டன் ஹாரோவில் இருக்கும் அக்கா வீடு, இடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களோடு நீண்ட பயணம். வருடத்துக்கு 6,000 மைலுக்கு மேல் போகாது. ஓட்டோமேட்டிக் வேண்டும். புதிய சின்ன காரை விட, மரமும் தோலும் வைத்த பழைய பிரிட்டிஷ் பெரிய கார் ஒன்றை வாங்கி ஆசையாக ஓட்ட வேண்டும். ரோவர் 75, ஜாகுவார் எஸ்-டைப், ஜாகுவார் எக்ஸ்ஜே மூன்றையும் பார்க்கிறார். எதை எடுப்பது?

முதலில் நேரடிப் பதில். உங்கள் தேவைக்கு 2002 முதல் 2005 வரையிலான ரோவர் 75 டீசல் ஓட்டோமேட்டிக். மனசு ஜாகுவாரை விட்டு வராது என்றால் எக்ஸ்ஜே. எஸ்-டைப் மூன்றாவது இடம்தான். ஆனால் எந்த மாடல் என்பதை விட எந்த ஒரு கார் என்பதுதான் பெரிய கேள்வி. இருபது வயது தாண்டிய காரில், ஒரே மாடலில் ஒன்று தங்கம், பக்கத்து வீட்டில் நிற்பது இரும்புக் கடைக்குப் போக வேண்டியது. இந்த இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் தண்ணீர். எஞ்சினை விட்டு வெளியே போகும் தண்ணீர், உடம்புக்குள் புகுந்து வெளியே போகாத தண்ணீர். இந்த மூன்று கார்களிலும் நான் பார்த்த பெரிய செலவுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்கின.

ரோவர் 75-ஐ ஏன் முதலில் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். 1994-ல் பிஎம்டபிள்யூ ரோவரை வாங்கியது. அதன் பணத்தில், அதன் கண்டிப்பில் உருவான கார் 75. 1998 அக்டோபரில் பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினார்கள். அதே கண்காட்சியில்தான் ஜாகுவார் எஸ்-டைப்பும் வெளிவந்தது. ரிச்சர்ட் வூலி வரைந்த 75-ன் வடிவம் இன்றும் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. முட்டை வடிவ டயல்கள், தந்த நிறப் பின்னணி, வால்நட் மரம் எல்லாம் அந்த விலைக் காரில் எதிர்பார்க்க முடியாத தரம். முதலில் ஆக்ஸ்போர்டு அருகே கவ்லியில் தயாரானது. 2000-ல் பிஎம்டபிள்யூ ரோவரை 10 பவுண்டுக்குக் கைமாற்றிவிட்டுப் போன பிறகு தயாரிப்பு லாங்பிரிட்ஜுக்கு மாறியது. 2005 ஏப்ரலில் கம்பெனியே விழுந்தது. இத்தனை நல்ல காருக்கு இப்படி ஒரு முடிவு வந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் வாங்குகிறவருக்கு அதில் ஒரு லாபம் இருக்கிறது. பெயர் இறந்துபோனதால் விலை ஏறவில்லை, கார் மட்டும் நன்றாக இருக்கிறது. உதிரிபாகத்துக்கும் பயப்பட வேண்டாம். லிங்கன் பக்கத்தில் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ் போன்றவர்கள் இன்னும் விற்கிறார்கள், 75-க்கு என்றே உரிமையாளர் சங்கமும் இருக்கிறது.

இதில் எஞ்சின்தான் முதல் முடிவு. 1.8 லிட்டர் பெட்ரோலைத் தொடாதீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது ரோவரின் கே-சீரிஸ் எஞ்சின். அதன் ஹெட் காஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, தரும் பிரச்சினை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எஞ்சினில் நீளமான போல்ட்டுகள் தலையிலிருந்து அடிவரை போய் எல்லா அடுக்கையும் சேர்த்து இறுக்குகின்றன. உள்ளே ஓடும் கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின், அளவு குறைவு. எங்கோ ஒரு சின்னக் கசிவில் அரை லிட்டர் போனாலும் எஞ்சின் சூடேறி, காஸ்கெட் போய்விடும். தலையை இடம் பிடித்து நிறுத்த ஆரம்ப காலத்தில் பிளாஸ்டிக் டவல்கள், அதாவது சின்ன முளைகள், போட்டது இன்னொரு பலவீனம். பின்னால் இரும்பு டவல், பல அடுக்கு உலோக காஸ்கெட் என்று திருத்தங்கள் வந்தன. அவற்றைப் போட்டுச் சரியாகச் செய்த 1.8 நன்றாகவே ஓடும். ஆனால் பெரிய காரில் அந்தச் சின்ன எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். உங்களுக்கு அது தேவையில்லை.

2.5 லிட்டர் வி6 அழகான எஞ்சின். 177 குதிரைத்திறன், பட்டுப் போல ஓடும். ஓட்டிப் பார்த்தால் மனசு அதிலேயே நின்றுவிடும். அதனால்தான் எச்சரிக்கிறேன். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் இதில் ஒன்றல்ல, மூன்று. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மாற்ற வேண்டிய கெடு 90,000 மைல் அல்லது 6 வருடம், எது முதலில் வருகிறதோ அது. பின்பக்க பெல்ட்டுகளுக்குத் தனிக் கருவி வேண்டும். "60,000 மைல்தான் ஓடியிருக்கிறது, பெல்ட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், வருடக் கணக்கை எடுத்துக்காட்டுங்கள். மூன்றும் மாற்றிய ரசீது இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். அப்புறம் அந்த எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே பள்ளத்தில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கிறது. அதன் கூடும் குழாய்களும் பிளாஸ்டிக். வயதானால் விரிசல் விட்டு, கூலன்ட் அந்தப் பள்ளத்திலேயே தேங்கும். கீழே ஒரு சொட்டு விழாது, தொட்டியில் மட்டும் மட்டம் குறைந்துகொண்டே வரும். டார்ச் அடித்துப் பாருங்கள். உட்கொள் குழாயில் இருக்கும் இரண்டு சின்ன மோட்டார்களும் அடிக்கடி செத்துப்போகும். அதனால் கார் நிற்காது, இழுவை மட்டும் குறையும்.

டீசல் எஞ்சின் பிஎம்டபிள்யூவிடமிருந்து வந்தது. டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். ஆரம்ப மாடல் 116, பிந்தையது 131 குதிரைத்திறன். ஒழுங்காக எண்ணெய் மாற்றி வந்திருந்தால் இரண்டு லட்சம் மைல் அதற்குப் பெரிய விஷயம் இல்லை. இப்போது உங்கள் லண்டன் பயணத்துக்கு வருவோம். அதிகம் புகை விடும் பழைய வண்டிகளிடம் நாள் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதற்கும் விரிந்துவிட்டது, ஹாரோவும் அதற்குள்தான். கட்டணம் இல்லாமல் போக டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும், இந்தக் கார் அதற்குப் பக்கத்தில்கூட வராது. நாளுக்கு 12.50 பவுண்டு. இதைக் கேட்டதும் பலர் டீசலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போடுவோம். மாதம் இரண்டு நாள், வருடத்துக்கு 24 நாள். ஆக 300 பவுண்டு. வி6 ஓட்டோமேட்டிக் கேலனுக்குச் சுமார் 25 மைல் கொடுக்கும், டீசல் ஓட்டோமேட்டிக் 40-ஐத் தொடும். 6,000 மைலுக்கு வி6 240 கேலன் குடிக்கும், டீசல் 150. வித்தியாசம் 90 கேலன், கிட்டத்தட்ட 400 லிட்டர். லிட்டர் ஒன்றரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்தாலும் ஐந்நூறு பவுண்டுக்கு மேல். யூலெஸ் கட்டிய பிறகும் டீசலில் உங்களுக்கு மிச்சம்தான். தவிர, பெட்ரோல் என்றாலே யூலெஸ் தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு யூரோ 4 வேண்டும். இந்த வயது பெட்ரோல் கார்களில் சில தேறும், பல தேறாது. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அந்தந்தக் காரின் நம்பரைப் போட்டுப் பாருங்கள், விற்பவர் வாயை நம்ப வேண்டாம். பர்மிங்காம் நகர மையத்துக்குள் அடிக்கடி போவீர்கள் என்றால் அங்கேயும் நாளுக்கு 8 பவுண்டு இருக்கிறது. நீங்கள் லண்டனுக்குள்ளேயே குடியிருந்தால் என் பதில் முழுதாக மாறியிருக்கும்.

டீசல் 75-ல் என்ன பார்க்க வேண்டும்? இங்கேதான் உள்ளே புகும் தண்ணீர் வருகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின்பக்கத்தில் ஒரு தொட்டி மாதிரி இடம் இருக்கிறது. மழைநீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் இருக்கும் வடிகுழாய் வழியாக இறங்க வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலையுதிர் காலம் முடிவதற்குள் அந்தக் குழாய்கள் மக்கிய இலையால் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறி, அங்கேயே இருக்கும் எஞ்சின் கணினியின் பெட்டிக்குள் போய்விடும். கணினி போனால் கார் ஸ்டார்ட் ஆகாது. மாற்றும் செலவு காரின் விலையில் பெரும் பங்கு. ஆகவே பானட்டைத் திறந்ததும் அந்தப் பள்ளத்தில் கையை விடுங்கள். சேறோ ஈரமோ தட்டுப்பட்டால் அந்த உரிமையாளர் காரைப் பார்த்த லட்சணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்து முன்பக்கக் கால் மிதியின் கம்பளத்தையும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் டீசல் டாங்கின் உள்ளே ஒன்று, பானட்டுக்கு அடியில் ஒன்று என்று இரண்டு எரிபொருள் பம்புகள். ஒன்று சோர்ந்தால் வேகமெடுக்கும்போது இருமும், தயங்கும். எஞ்சினின் மூச்சு வடிகட்டியை மாற்றினீர்களா என்று கேளுங்கள். அந்த வடிகட்டி இருப்பதே பல மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. அது அடைத்தால் எண்ணெய் சீல்களும் டர்போவும் பாதிக்கப்படும்.

75-ன் வெப்ப முள்ளைப் பற்றி ஒன்று. அது நடுவில் நின்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. உண்மையான வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் அசையும்போது காலம் கடந்திருக்கும். டயல் பலகைக்குள் மறைவாக ஒரு சோதனைத் திரை இருக்கிறது. பொத்தானை அழுத்தி அதைத் திறந்தால் கூலன்ட் வெப்பம் எண்ணாகவே வரும். சங்கத்துக்காரர்கள் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ரேடியேட்டர் விசிறியின் குறைந்த வேகம் செத்துப்போவது இந்தக் காரில் மிகச் சாதாரணம். நெரிசலில் நின்றால் சூடேறும். ஏசியைப் போட்டதும் விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கிறதா பாருங்கள்.

பெற்றோர் விஷயத்தில் 75-க்கு ஒரு குறை உண்டு. பின்சீட்டில் கால் நீட்ட இடம் கொஞ்சம் குறைவு. ஆனால் சீட்டு மென்மை, சஸ்பென்ஷன் பள்ளமேடுகளை விழுங்கிவிடும். முட்டிவலி உள்ளவர்கள் இறங்கி ஏற ஜாகுவார் எக்ஸ்ஜேயின் பழைய வடிவங்களை விட இது சுலபம்.

சரி, எக்ஸ்ஜே. இதில் மூன்று தலைமுறைகள் உங்கள் பணத்துக்குள் வரலாம். எக்ஸ்300 என்று அழைக்கப்படும் 1994 முதல் 1997 வரையிலான கார், எக்ஸ்308 என்ற 1997 முதல் 2003 வரையிலான கார், பிறகு அலுமினிய உடல் கொண்ட எக்ஸ்350.

எக்ஸ்300-ன் ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின், ஏஜே16, ஜாகுவார் செய்ததிலேயே மிக உறுதியான எஞ்சின் என்று நான் தயங்காமல் சொல்வேன். 3.2 அல்லது 4.0 லிட்டர், இரண்டும் நல்லவை. எஞ்சினால் இந்தக் கார் சாவதில்லை, துருவால் சாகும். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் என்ற பகுதி, பின் வீல் ஆர்ச், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம், டிக்கியில் ஸ்பேர் சக்கரம் வைக்கும் குழி. எல்லாமே தண்ணீர் தங்கும் இடங்கள். முன் கண்ணாடியின் அடியில் துரு வந்தால் கண்ணாடியைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும், அந்த வேலைக்கு உங்கள் மொத்தப் பணத்தில் பாதி போகலாம். வெளியே நான்கு குமிழ் தெரிந்தால் உள்ளே கைப்பிடி அளவு ஓட்டை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்308-ல் எஞ்சின் வி8. ஓட்டுவதற்கு இதைப் போன்ற சுகம் இந்த விலையில் வேறு எதிலும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் தெரியாமல் இதை வாங்கக் கூடாது. ஒன்று, டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர்களின் பிளாஸ்டிக் உடல். அது வெடித்து உடைந்தால் செயின் பல் தாவும், வால்வுகள் பிஸ்டனில் மோதும், எஞ்சின் முடிந்தது. பிந்தைய உலோக டென்ஷனர்கள் போட்டாயிற்றா என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் எஞ்சினின் மேல்மூடியான கேம் கவரைக் கழற்றிக் கண்ணால் பார்க்கலாம், அது ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நொடிகளில் சலசலப்புக் கேட்டால் நின்று யோசியுங்கள். இரண்டு, 2000 வரை வந்த எஞ்சின்களின் சிலிண்டர் சுவரில் நிக்கசில் என்ற பூச்சு. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த கந்தகம் அதை அரித்தது. 2000-ல் இரும்பு லைனருக்கு மாறினார்கள். பெட்ரோலில் கந்தகம் குறைந்து இப்போது இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை காலம் தாக்குப்பிடித்த நிக்கசில் எஞ்சின் இனியும் பிடிக்கும் என்பதே என் அனுபவம். கம்ப்ரஷன் சோதனை ஒன்று செய்துவிட்டால் போதும், அந்தப் பெயரைக் கேட்டதும் ஓட வேண்டாம். கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள். மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மாற்றியவர் கிடைத்தால் அவர் காரை நேசித்தவர்.

எக்ஸ்350-ஐ உங்கள் அப்பா அம்மாவுக்காகவே யோசிக்கலாம். 2003-ல் வந்தது. உடம்பு முழுக்க அலுமினியம், ரிவெட் அடித்துப் பசையால் ஒட்டியது. கூரை உயரம், பின்சீட்டில் தாராளம், ஏறி இறங்கச் சிரமமில்லை. சில் ஓட்டையாகும் கவலை இல்லை. ஆனால் அலுமினியமும் தப்பவில்லை. இரும்புத் திருகு தொடும் இடங்களிலும் கதவு, பானட் ஓரங்களிலும் பெயின்ட் கொப்பளிக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் எம்ஓடி என்ற கட்டாய வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோற்காது. உண்மையான செலவு காற்று சஸ்பென்ஷனில். இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து கிடந்தால் அந்தப் பக்கத்துக் காற்றுப்பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓடி ஓடி அதுவும் சாகும். பார்க்கப் போகும்போது கார் நிற்கும் நிலையைத் தூரத்திலிருந்தே முதலில் பாருங்கள். விற்பவர் ஸ்டார்ட் செய்துவிட்டு உங்களை வரவேற்றால் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 3.0 வி6 போதுமானது, 4.2 வி8 அருமை. 2.7 டீசல் வேண்டாம். டைமிங் பெல்ட் வேலையும் பின்னால் இருக்கும் பம்ப் பெல்ட்டும் அதிகச் செலவு, யூலெஸும் சேரும்.

இங்கே வரி பற்றி ஒரு தேதியை மனசில் எழுதிக்கொள்ளுங்கள்: 2006 மார்ச் 23. அந்தத் தேதிக்கு முன் பதிவான, அதிகம் கார்பன் டை ஆக்சைடு விடும் கார்களுக்கு வருட வரி கே என்ற கட்டண வகையோடு நின்றுவிடும், இப்போது நானூறு பவுண்டுக்கு மேல். அதற்குப் பிறகு பதிவான அதே 4.2 எக்ஸ்ஜேக்கு எல் அல்லது எம் வகை, எழுநூறைத் தாண்டும். ஒரே கார், ஒரு வார வித்தியாசத்தில் ஒவ்வொரு வருடமும் முந்நூறு பவுண்டு. 2001 மார்ச்சுக்கு முந்தைய கார்களுக்கு எஞ்சின் அளவை வைத்து மட்டும் வரி. அதில் 4.0 லிட்டர் ஜாகுவாருக்கும் 1.8 ரோவருக்கும் ஒரே கட்டணம்.

எஸ்-டைப்பை ஏன் மூன்றாவதாக வைத்தேன்? கெட்ட கார் என்பதால் அல்ல. 2002-ல் உள்ளே டாஷ்போர்டை மாற்றி, ஆறு கியர் இசட்எஃப் பெட்டி போட்ட பிறகு மிக நல்ல கார் ஆனது. அதற்கு முந்தையதை விட்டுவிடுங்கள். ஆனால் அதன் சில் துருவை வெளியே காட்டாமல் உள்ளேயே வளர்க்கும். அதில் நான் சூடு பட்டிருக்கிறேன். 2003 மாடல் 3.0 வெள்ளி நிறக் கார் ஒன்றைப் பழைய கார் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். அடியில் படுத்துப் பார்த்தேன். பளபளவென்று கருப்புப் பூச்சு, ஒரு புள்ளி துரு இல்லை. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். எட்டு மாதம் கழித்து எம்ஓடியில் சோதனைக்காரர் சிறிய கருவியால் சில்லைத் தட்டியதும் கருவி உள்ளே போய்விட்டது. வெல்டிங்குக்கு மட்டும் 900 பவுண்டு. வீட்டுக்கு வந்து அந்தக் காரின் பழைய எம்ஓடி பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்று வருடத்துக்கு முன்பே வேறு ஊரில் ஒரு சோதனைக்காரர் "இரண்டு சில்லும் அரித்திருக்கிறது" என்று எழுதி வைத்திருந்தார். அடுத்த வருடம் அதே வரி இன்னும் கடுமையாக. அதற்கடுத்த வருடம் "அடிப்பாகம் பூச்சால் மூடப்பட்டிருக்கிறது". நான் வாங்குவதற்கு முன் கடைசிச் சான்றிதழை மட்டும் பார்த்திருந்தேன்.

அதனால் இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். நம்பர் தெரிந்தால் போதும், அரசுத் தளத்தில் 2005 முதலான எம்ஓடி வரலாறு முழுதும் இலவசமாகக் கிடைக்கும். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு பழையதிலிருந்து புதியது வரை வரிசையாகப் படியுங்கள். மைல் கணக்கு வருடா வருடம் ஒழுங்காக ஏறுகிறதா? இரண்டு வருடம் சும்மா நின்ற காலம் இருக்கிறதா? போன வருடம் எழுதிய குறைகள் இந்த வருடம் சரியாகியிருந்தால் உரிமையாளர் செலவு செய்கிறவர். ஒரே குறை நான்கு வருடம் தொடர்ந்து எழுதப்பட்டு வந்தால் அந்தக் காரை யாரும் கவனிக்கவில்லை. துரு என்ற சொல் வந்து பிறகு திடீரென்று காணாமல் போனால் வெல்டிங் ரசீதைக் கேளுங்கள். ரசீது இருந்தால் நல்லது, இல்லையென்றால் கருப்புப் பூச்சுதான்.

நேரில் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். கூலன்ட் தொட்டி மூடியைத் திறந்து நிறம் பாருங்கள், எண்ணெய் மூடியின் அடியில் மயோனைஸ் மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். இனிப்பான வாசனை வந்தால் எங்கோ கூலன்ட் கசிகிறது. நான்கு டயரும் ஒரே பெயர், நல்ல பெயராக இருந்தால் அந்த வீட்டில் காருக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். நாலும் நாலு பெயர் தெரியாத டயர் என்றால் எண்ணெயிலும் மிச்சம் பிடித்திருப்பார்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதில் பத்து நிமிடமாவது நெரிசலில் நிற்கட்டும். ஓட்டோமேட்டிக் கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருந்தால் வேண்டாம்.

குறைவான மைல் ஓடிய காருக்கு எல்லோரும் அலைகிறார்கள். வருடத்துக்கு 1,000 மைல் மட்டும் கடைக்குப் போய் வந்த கார், சைலென்ஸரில் ஈரம், பிரேக்கில் துரு, ரப்பர் எல்லாம் காய்ந்து கிடக்கும். அதை விட 1,30,000 மைல் நெடுஞ்சாலையில் ஓடி, வருடா வருடம் சர்வீஸ் ஆன காரை நான் எடுப்பேன்.

வாங்குமிடத்தைப் பொறுத்தவரை, 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கடையில் வாங்கிய காரில் பெரிய குறை தெரிந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. தனியாரிடம் வாங்கினால் அது கிடையாது. இருந்தாலும் நான் சங்க உறுப்பினரிடம் வாங்குவதையே விரும்புவேன். பத்து வருடம் வைத்திருந்த வயதானவர் ஒருவர் தன் பீரோவிலிருந்து தடிமனான ரசீதுக் கட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தால், பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

நம்மவர்கள் சிலருக்கு ரோவர் பெயரே ஒரு ஞாபகத்தைக் கிளப்பும். ரோவர் எஸ்டி1-ன் உடலில் பழைய 2 லிட்டர் எஞ்சினைப் போட்டு ஸ்டாண்டர்டு 2000 என்று 1980-களில் சென்னையில் தயாரித்தார்கள். அந்த நினைவில் அசல் எஸ்டி1 வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 40 வயது தாண்டிய கார் என்பதால் வரலாற்று வாகனமாகப் பதிவு மாற்றினால் வரியும் இல்லை, யூலெஸும் இல்லை. ஆனால் அது மழையில் அலுவலகம் போகும் கார் அல்ல. உங்கள் பணத்துக்குக் கிடைப்பது வேலை பாக்கியுள்ள காராகத்தான் இருக்கும்.

கடைசியாகப் பணம். 4,000-ஐயும் காருக்குக் கொடுக்காதீர்கள். 2,600, மிஞ்சினால் 2,800. மிச்சம் முதல் மாதத்துக்கு. எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், கூலன்ட், தெர்மோஸ்டாட், பிரேக் திரவம் எல்லாம் மாற்றிவிடுங்கள், வடிகுழாய்களை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், அடிப்பாகத்துக்கும் சில்லின் உள்ளுக்கும் மெழுகு அடிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டை சாதாரணக் கம்பெனியில் எடுக்காமல் பழைய கார்களுக்கென்று இருப்பவர்களிடம், ஒப்புக்கொண்ட மதிப்போடு எடுங்கள். இல்லையென்றால் யாரோ கதவில் இடித்தால்கூட, சரிசெய்யும் செலவு காரின் சந்தை விலையைத் தாண்டுகிறது என்று சொல்லி காரை மொத்த நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். ஆண்டு மைல் வரம்பு 7,500 என்று போட்டுக் கேளுங்கள், உங்கள் ஓட்டத்துக்கு அது போதும். வேலைக்குப் போய் வருவதும் அதில் சேர்த்தியா என்று கேட்க மறக்க வேண்டாம், பல திட்டங்களில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஏதாவது ஒரு காரைக் கண்டுபிடித்ததும் நம்பரை அனுப்புங்கள் தம்பி. எம்ஓடி பதிவுகளை நானும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.